நோய்க்குப் பயந்து துளையிட்ட கடிதங்கள்



கடிதம் என்றால் என்னவென்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு கடிதம் வந்தால் தெருவே கூடி வாசித்த காலத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். இண்டைக்கும் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கும். அதுக்குள்ளை இருக்கிற கடிதங்களில் சிலது கசங்கி, சிலது ஓரம் கிழிந்து, சிலதில் எழுத்தே மங்கிப் போயிருக்கும். ஆனால் எறிய மனம் வராது.

இந்த மலரில் நான் எழுத வந்தது அப்படியான கடிதங்களின் ஒரு வகையைப் பற்றி. நோய் தொற்றும் என்று பயந்து, வழியிலேயே மறித்து, வினாகிரியில் தோய்த்து, கந்தகப் புகை பிடித்து, உளியால் கீறி, ஆணியால் குத்தி அனுப்பப்பட்ட கடிதங்கள். உலகம் முழுக்க இதுகளைத் தேடிச் சேர்த்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சரித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவன் இல்லை. ஏ லெவலோடை படிப்பு நின்றுவிட்டது, இப்ப பக்டறியில் வேலை. ஆனாலும் இந்தக் கடிதங்களின் கதை எங்கட கதைக்கு மிகக் கிட்டவாக எனக்குப் படுகிறது. ஏன் என்று கடைசியில் சொல்லுகிறேன்.

நாற்பது நாள் மறியல்

1348ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவைப் பிளேக் நோய் அழித்தது எல்லாரும் கேள்விப்பட்டதுதான். அதுக்குப் பிறகு துறைமுகப் பட்டினங்களுக்குக் கப்பல் எண்டாலே பயம். 1377ல் ரகூசா என்ற பட்டினம், இப்போதைய குரோஷியாவின் டுப்ரொவ்னிக், நோயுள்ள இடத்திலிருந்து வருபவர்கள் முப்பது நாள் வெளியே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு அது நாற்பது நாளாகியது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு 'குவரந்தா' என்று பெயர். 'குவாரன்ரீன்' என்று நாங்கள் சொல்லுகிற சொல் அங்கையிருந்து பிறந்ததுதான். 1423ல் வெனிஸ் நகரம் நோயாளரை வைக்க ஒரு தீவையே ஒதுக்கியது.

ஆளை மறிக்கலாம், சரக்கை மறிக்கலாம். கடிதத்தை என்ன செய்வது? நாற்பது நாள் மறித்தால் வியாபாரம் படுத்துவிடும், அரசாங்கச் செய்தியும் பழசாகிவிடும். ஆகவே கடிதத்தைச் 'சுத்தம்' செய்து விரைவாக அனுப்ப வழி தேடினார்கள். அந்தக் காலத்தில் கிருமி என்ற அறிவு இல்லை. கெட்ட காற்றுத்தான் நோய் என்று நம்பினார்கள். அந்தக் கெட்ட காற்று காகிதத்தின் மடிப்புக்குள்ளை ஒளிந்திருந்து, பிரிக்கிறவரைப் பிடிக்கும் என்பது அவர்களின் எண்ணம். அதனால் கடிதத்தை நீண்ட குறட்டால் பிடித்து வினாகிரியில் தோய்த்தார்கள், அல்லது நெருப்புக்கு மேலே காட்டினார்கள். புகை உள்ளே போகவேண்டும் என்று உளியால் இரண்டு கீறல் போட்டார்கள். கந்தகம், வாசனை மூலிகைகள் எல்லாம் புகைத்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை செருகுகிறவர்கள் நாங்கள். வருசப்பிறப்பண்டு துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்த பிறகுதானே தோய்கிறோம். கண்ணுக்குத் தெரியாத தீங்கைக் கழுவிவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லாச் சாதி சனத்துக்கும் பொதுவானது.

இத்தாலியில் இப்படிப் புகை பிடித்த கடிதங்களுக்கு முத்திரையும் குத்தினார்கள். 'வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு' என்று கருத்துப்படும் முத்திரை ஒன்று. கடிதத்தைத் திறக்காமல் வெளிப்பக்கம் மட்டும் சுத்திகரித்தோம் என்று அதுக்கு அர்த்தம். 'உள்ளும் வெளியும் சுத்தம்' என்பது இன்னொன்று. அதாவது, திறந்தும் பாத்தாச்சு!

இந்த இடத்தில்தான் கதை மாறுகிறது. ஒஸ்திரியப் பேரரசு துருக்கியரின் எல்லையோரமாக நீண்ட சுகாதாரக் காவல் வைத்திருந்தது. பெல்கிரேட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் செம்லின் அதில் ஒரு பெரிய நிலையம். அங்கு கடிதங்களைச் சுத்திகரிக்கத் திறந்தவர்கள் வாசித்தும் பார்த்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நோயின் பேரைச் சொல்லி ஊரார் கடிதத்தை உடைப்பது எவ்வளவு வசதி, பாருங்கோ! உடைத்து ஒட்டிய கடிதம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

எங்கட பக்கத்துக் கடிதங்களும் இதுக்குத் தப்பவில்லை. 1830களிலிருந்து இந்தியாப் பக்கத்துக் கடிதங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றாமல் செங்கடல், எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கின. எகிப்து பிளேக் உள்ள நாடு என்று பெயர் எடுத்தபடியால் மால்டாத் தீவிலுள்ள லசறெற்றோ என்ற தனிமை நிலையத்தில் அவற்றைக் கீறிப் புகை பிடித்தார்கள். கல்கத்தாவிலோ மதராசிலோ எழுதிய கடிதம், இரண்டு உளிக் காயத்தோடு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் துவக்குக் காவல்

இனி நாங்கள் இருக்கிற இந்த நாட்டுக்கு வருவோம். எங்கட ஆலன் ஊர் ரெயிலால் உண்டான ஊர். 1872ல் ஹியூஸ்டன் – ரெக்சஸ் சென்றல் கொம்பனியின் தண்டவாளம் இந்த வழியால் போனது. எபனீசர் அலன் என்பவரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். 1878 மாசி மாதம் 22ந் திகதி சாம் பாஸ் கூட்டம் இங்கைதான் ரெயிலை மறித்துக் கொள்ளை அடித்தது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த கதை. ஆனால் அதே தண்டவாளத்தில், தெற்கே இருக்கும் கல்வேட் என்ற ஊரை 1873ல் மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது பலருக்குத் தெரியாது. அதுக்கும் முந்தி 1867ல் கல்வெஸ்ரன் துறைமுகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதே காய்ச்சலால் செத்தார்கள்.

சாம் பாஸ் கொள்ளையடித்த அதே 1878ல், கோடை காலத்தில், மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சள் காய்ச்சல் பரவியது. ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். மெம்பிஸ் நகரத்திலிருந்து 25,000 பேர் அளவில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓட வசதியில்லாமல் நின்றவர்களில் 5,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஓடினவர்களுக்கு என்ன நடந்தது? அயல் ஊர்க்காரர் துவக்கோடு வந்து ரோட்டிலும் ரெயில் நிலையத்திலும் நின்று, 'இறங்காதே, திரும்பிப் போ' என்றார்கள். இந்த நாட்டுச் சரித்திரப் புத்தகங்களில் அதுக்குப் பெயரே 'துவக்குக் குவாரன்ரீன்' என்பதுதான். அகதியைத் துவக்கால் மறிக்கிற கதை எங்களோடு தொடங்கவில்லை.

ஆளை மறித்த ஊர்கள் கடிதத்தையும் சும்மா விடவில்லை. 1888ல் புளோரிடாவின் ஜக்சன்வில் நகரத்தில் காய்ச்சல் வந்தபோது அங்கிருந்து போன கடிதங்களைத் துளையிட்டுக் கந்தகப் புகை பிடித்தார்கள். 1899ல் அலபாமாவின் மொன்ற்கொமறி நகரில் இதுக்குப் பாவித்த ஒரு கருவி இண்டைக்கும் வொஷிங்டனிலுள்ள தேசிய தபால் நூதனசாலையில் இருக்கிறது. கைப்பிடி வைத்த மரப்பலகை, அதில் வரிசையாகக் கூர் ஆணிகள். கடிதத்தை வைத்து ஒரு அடி அடித்தால் காகிதம் முழுக்கத் துளை. அந்தத் துளைகளுக்குள்ளால் புகை போகும் என்பது கணக்கு.

இதிலை வேடிக்கையும் வேதனையும் என்ன தெரியுமோ? மஞ்சள் காய்ச்சல் கடிதத்தால் பரவுவதே இல்லை. அது நுளம்பால் வருவது. கியூபா வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881லேயே நுளம்பில் சந்தேகம் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. 1900ல் வோல்ற்றர் றீட் தலைமையிலான குழுதான் அதை நிரூபித்தது. அதே மாதிரி, பிளேக் கிருமியை 1894ல் ஹொங்கொங்கில் யெர்சின் கண்டார், எலித் தெள்ளுத்தான் அதைக் காவுகிறது என்று 1898ல் சிமொண்ட் சொன்னார். கொலரா தண்ணீரால் பரவுவது. ஆக, ஐந்நூறு வருசமாக வெட்டியதும் குத்தியதும் புகைத்ததும் பெரும்பாலும் வீண்வேலை. நுளம்பு காதுக்குள்ளை பாடிக்கொண்டிருக்க, மனிசர் காகிதத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நோயை விட நீண்ட பயம்

அறிவு வந்த பிறகாவது பயம் போனதா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்குப் பக்கத்து மாநிலம் லூசியானாவில் கார்வில் என்ற இடத்தில் தொழுநோயாளருக்கான தேசிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கை அனுப்பப்பட்டவர்கள் நோயாளிகளா கைதிகளா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 1941ல் அதே ஆஸ்பத்திரியில்தான் தொழுநோய்க்கு நல்ல மருந்து பரீட்சிக்கப்பட்டுப் பலன் கண்டது. ஆனால் அங்கிருந்து வெளியே போன கடிதங்களை 1960களின் பிற்பகுதி வரை கிருமி நீக்கித்தான் அனுப்பினார்கள். மருந்து கண்டுபிடித்து இருபத்தைந்து வருசம் கழித்தும்!

அங்கை 1931ல் போய்ச் சேர்ந்த ஸ்ரான்லி ஸ்ரைன் என்ற ரெக்சஸ்காரர் நோயால் கண்பார்வையை இழந்தவர். அவர் 'த ஸ்ரார்' என்ற பத்திரிகையை நடத்தி, எங்களை மனிசராக நடத்துங்கோ என்று வருசக்கணக்காக எழுதினார். சொந்தப் பெயரை மறைத்துப் புனைபெயரில் வாழ்ந்த மனிசன் அவர், ஏனென்றால் வீட்டாருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. பேரப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தைக்கூடக் கிருமி நீக்கி அனுப்பினால், அந்தக் கடிதம் சொல்லுவது அன்பையா, நோயையா?

2001ல் இன்னொரு கதை. இந்தமுறை கடிதத்துக்குள்ளை உண்மையாகவே நோய் இருந்தது. நியூ ஜேர்சியின் ரென்ரன் தபால் முத்திரையோடு அந்திராக்ஸ் தூள் நிரப்பிய கடிதங்கள் பத்திரிகைக் கந்தோர்களுக்கும் செனற்றர்களுக்கும் போயின. ஐந்து பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அதில் என் மனதைத் தொட்டது ஒரு விசயம். ஐப்பசி 15ந் திகதி செனற் கந்தோரில் கடிதம் திறக்கப்பட்டதும் அங்குள்ளவர்களைச் சோதித்து உடனே மருந்து கொடுத்தார்கள். அந்தக் கடிதம் வந்த வழியில் இருந்த வொஷிங்டன் பிரென்ற்வூட் தபால் நிலையத்தில் தொழிலாளர் 21ந் திகதி வரை வழமைபோல் மெசினில் வேலை செய்தார்கள். மெசின் கடிதத்தை நெரிக்க, தூள் காற்றில் பறந்தது. தோமஸ் மொறிஸ், ஜோசப் கேசீன் என்ற இரண்டு தொழிலாளர் இறந்தார்கள். அந்த நிலையத்துக்கு இப்ப அவர்கள் இருவரின் பெயரும்தான். மெசினுக்குப் பக்கத்தில் நின்று உழைக்கிற ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு வொஷிங்டன் அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும் கடிதங்களை ஒகாயோவின் லைமாவிலும் நியூ ஜேர்சியின் பிரிட்ஜ்போட்டிலும் கதிர் பாய்ச்சினார்கள். அந்தக் கடிதங்கள் மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொருங்கும் தன்மையாயின. இண்டைக்கு அதுகளும் சேகரிப்போரின் அல்பங்களில் இருக்கின்றன.

2020ஐ மறந்திருக்க மாட்டீர்கள். வந்த பார்சலை வெயிலில் வைத்தோம், பால் போத்தலைத் துடைத்தோம், கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். நோய் முக்கியமாகக் காற்றால்தான் பரவுகிறது, பொருளைத் தொட்டுத் தொற்றுவது குறைவு என்று பிறகுதான் தெளிவாகியது. வெனிஸ்காரரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கும் உரிமை இல்லை.

படிப்பது எப்படி?

இந்தக் கடிதங்களைத் துறையாக்கியவர்களில் ஒருவர் கார்ல் மேயர். சுவிசில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த பெரிய விஞ்ஞானி, பிளேக் முதலிய நோய்களை ஆராய்ந்தவர். 1962ல் சுத்திகரித்த தபால் பற்றி அவர் எழுதிய புத்தகம் சேகரிப்போருக்கு இண்டைக்கும் கைநூல். அவருக்கு முந்தி 1958ல் இத்தாலியில் ராவசினி என்பவர் சுகாதார முத்திரைகளைத் தொகுத்தார்.

என்னிடம் இருப்பது ஒரேயொரு கடிதம். டலஸ் பக்கத்தில் நடந்த முத்திரைக் கண்காட்சி ஒன்றில் முப்பது டொலருக்கு வாங்கியது. 1836ல், இத்தாலியில் கொலரா பரவிய காலத்தில் எழுதியது. உறை இல்லை. அந்தக் காலத்தில் கடிதத்தையே மடித்து அரக்கால் ஒட்டிவிடுவார்கள். மடித்தபடி வைத்தால் இரண்டு கீறலும் எல்லா மடிப்பிலும் நேராக ஒன்றுக்கொன்று பொருந்தும். விரித்தால் அதே காயம் பல இடத்தில் தெரியும். இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மடிப்போடு பொருந்தாத துளை பிறகு வந்தது. கந்தோர்களில் கடிதங்களைக் கம்பியில் குத்தி வைத்த துளையும் இருக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது. அடுத்தது கறை. புகை மண்ணிறமாகப் பிடித்திருக்கும், குறடு பிடித்த இடம் மட்டும் வெள்ளையாகத் தப்பியிருக்கும். அதுக்குப் பிறகு திகதியையும் புறப்பட்ட ஊரையும் போன வழியையும் பார்த்து, அந்த நேரம் அந்த வழியில் என்ன நோய் இருந்தது என்று ஒப்பிடவேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் கதை மெய்.

சாதாரண முத்திரை சேகரிப்போர் கிழியாத, கறைபடாத கடிதத்தைத்தான் தேடுவார்கள். இதிலை மட்டும் காயம்தான் பெறுமதி. காயத்தைக் கழுவித் துடைத்தால் சரித்திரமும் கழுவுப்பட்டுப் போகும்.

எங்களுக்கு இதில் என்ன?

1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓட, 'போட் மெயில்' பயணம் தொடங்கியது. அதே 1914ல் கொழும்புக்குப் பிளேக்கும் வந்தது. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை நோய்க்குப் பயந்து மறித்து வைக்க, முதலில் தூத்துக்குடிக்குக் கிட்டத் தட்டப்பாறையிலும் இலங்கையில் றாகமையிலும், பிறகு மண்டபத்திலும் முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இருந்த மண்டப முகாமை நடத்தியது இலங்கை அரசு. அங்கை சுத்திகரிப்புக்கு உட்பட்டது ஆளும் அவர்களின் உடுப்பும். 1964ல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அதே மண்டபம் வழியாகவே தோட்டத்துச் சனம் திருப்பி அனுப்பப்பட்டது. 1983க்குப் பிறகு கடல் கடந்துபோன எங்களவர்களும் அதே மண்டபத்தில்தான் பதியப்பட்டார்கள். நோய்க்குக் கட்டிய வேலி பிறகு மனிசருக்கு வேலியானது. இது ஒரு இடத்தின் மூன்று தலைமுறைக் கதை.

என்ர பெரியம்மா 1990ல் இருந்து அந்த முகாமில் இருந்தவ. அவ ஊருக்கு எழுதின கடிதங்களில் மூன்று மட்டும் எங்களிடம் மிஞ்சியிருக்கு. ஒன்றின் ஓரம் உடைத்து, திரும்பப் பசை பூசி ஒட்டப்பட்டது. ஆர் உடைத்தார்கள் என்று உறையில் இல்லை. எழுதி நாலு மாதம் கழித்துத்தான் கைக்குக் கிடைத்தது என்று ஐயா பின்பக்கத்தில் பென்சிலால் திகதி போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பென்சில் எழுத்து இல்லையெண்டால் அந்த நாலு மாதமும் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீன் 1884ல் இறந்தார். அவருடைய கடிதங்களை வீட்டார் எறியாமல் வைத்திருந்தபடியால் 1891ல் புத்தகமாக வந்தது. அந்தக் கால யாழ்ப்பாணத்தைப் பற்றி அதிலிருந்து அறிந்தது எவ்வளவு! மசாசூசெற்சில் ஒரு குடும்பம் செய்ததை நாங்கள் செய்ய ஏலாதோ?

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கோ. உறையை எறியவேண்டாம், திகதியும் வழியும் உறையில்தான் இருக்கும். கிழிந்த இடத்துக்கு ஒட்டும் ரேப் போடவேண்டாம், அது சில வருசத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ரெக்சஸ் வெயிலில் கூரைக்குக் கீழுள்ள அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கும், அங்கை வைக்கவேண்டாம். வீட்டுக்குள்ளை, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கோ. ஆர் எழுதினது, எங்கையிருந்து, வர எவ்வளவு நாள் எடுத்தது, வழியில் ஆர் உடைத்தது என்று வயதானவர்களிடம் கேட்டு, வேறொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கோ. கேட்கிறதை இந்த வருசமே கேளுங்கோ. கடிதம் இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

எங்கட பிள்ளைகளுக்குக் கடிதம் என்றால் என்னவென்று தெரியாது. போனில் வந்த செய்தியில் கீறலும் இல்லை, கறையும் இல்லை. நாங்கள் எந்த வழியால், எத்தனை மறியலைத் தாண்டி இந்த ஆலன் ஊருக்கு வந்தோம் என்று அவர்கள் ஒருநாள் கேட்பார்கள். அப்ப கையில் கொடுக்க ஒரு கடிதமாவது இருக்கவேண்டும்.